காலக்கணக்கைக் கற்றுக் கொடுத்த ஆசிரியர் – பீட் அடிகளார்



உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். ஒரே தாளில் எத்தனை கணக்குகள்! நடுவில் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி. ஓரத்தில் சீனர்களின் தேதி, முஸ்லிம்களின் தேதி. தமிழ்க் காலண்டராக இருந்தால் திதியும் நட்சத்திரமும் கூட இருக்கும். தீபாவளி சில வருஷம் அக்டோபரில் வருகிறது, சில வருஷம் நவம்பரில் வருகிறது. நோன்புப் பெருநாள் வருஷா வருஷம் ஏறக்குறைய பதினோரு நாள் முன்னுக்கு வந்து விடுகிறது. கிறிஸ்துமஸ் மட்டும் டிசம்பர் 25-ஐ விட்டு அசைவதில்லை. ஆனால் அதே கிறிஸ்தவர்கள் கொண்டாடும் ஈஸ்டர் பெருநாளைப் பாருங்கள். 2008-ஆம் ஆண்டில் மார்ச் 23-இல் வந்தது. 2011-ஆம் ஆண்டிலோ ஏப்ரல் 24-இல் வந்தது. இது ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடிக் கணக்குப் போட்டு, அதை மற்றவர்களுக்கும் புரியும்படி எழுதி வைத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் வாழ்ந்து 1,300 ஆண்டுகள் ஓடி விட்டன. அவர் பெயர் பீட். இங்கிலாந்து நாட்டவர். அவர் வரலாற்றைத்தான் இந்த மலரில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மடத்து நிலத்தில் பிறந்த பிள்ளை

பீட் ஏறத்தாழ கி.பி. 673-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வடபகுதியான நார்தம்பிரியாவில் பிறந்தார். அவர் பிறந்த நிலம் பின்னர் வேர்மவுத், ஜாரோ என்ற இரட்டை மடத்துக்குச் சொந்தமாயிற்று. நாம் 'தோட்டத்துப் பிள்ளை' என்று சொல்கிறோமே, அதுபோல அவரை 'மடத்துப் பிள்ளை' என்று சொல்லலாம். அவருடைய தாய் தகப்பன் யார் என்பது ஏட்டில் இல்லை. ஏழு வயதில் சொந்தக்காரர்கள் அவரைக் கொண்டு போய் மடத்தில் ஒப்படைத்தார்கள். அன்று முதல் சாகும் வரை அந்த மடம்தான் அவருக்கு வீடு, அதுதான் பள்ளிக்கூடம்.

அந்த மடத்தை நிறுவியவர் பெனடிக்ட் பிஸ்கொப் என்னும் பெரியவர். அவர் பல முறை ரோமாபுரிக்குப் பயணம் போனவர். போன இடத்திலிருந்து பொன்னும் மணியும் கொண்டு வரவில்லை. மூட்டை மூட்டையாகப் புத்தகங்களைக் கொண்டு வந்தார். அச்சு யந்திரம் இல்லாத காலம் அது. ஒவ்வொரு புத்தகமும் தோலில் கையால் எழுதப்பட்டது. அந்தப் புத்தகங்கள் மட்டும் வந்து சேர்ந்திராவிட்டால் பீட் என்ற பெயரை இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. பிள்ளைக்குப் புத்தியை ஆண்டவன் கொடுக்கலாம். புத்தகத்தைப் பெரியவர்கள்தானே வாங்கிக் கொடுக்க வேண்டும்?

686-ஆம் ஆண்டில் ஜாரோ மடத்தைக் கொள்ளை நோய் தாக்கியது. பாடவும் படிக்கவும் தெரிந்த துறவிகள் ஒருவர் பின் ஒருவராக மாண்டு போனார்கள். கடைசியில் முறைப்படி பாடத் தெரிந்தவர்களில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருவர் மடத்தலைவர் சியோல்பிரித், இன்னொருவர் ஒரு சிறுவன். வழிபாட்டைக் கொஞ்சம் சுருக்கிக் கொள்ளலாம் என்று பார்த்தார்கள். ஒரு வாரம் போயிற்று. அதற்கு மேல் மனம் கேட்கவில்லை. பெரியவரும் சிறுவனுமாக, அழுத கண்ணோடு, முழுப் பாட்டையும் ஒரு வரி விடாமல் பாடத் தொடங்கி விட்டார்கள். அந்தச் சிறுவனின் பெயரைப் பழைய நூல் சொல்லவில்லை. ஆனால் அவன்தான் பீட் என்று அறிஞர்களில் பலர் கருதுகிறார்கள். அப்போது பீடுக்கு வயது பதின்மூன்றோ பதினான்கோ இருக்கும்.

யூதர்களின் கணக்கு

பீட் எதைக் கணக்கிட்டார் என்பது புரிய வேண்டுமானால், முதலில் யூதர்களின் காலண்டரைக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும்.

யூதர்களுக்கு மாதம் என்றால் சந்திரன்தான். பிறை தெரிந்தால் மாதம் பிறக்கும். அந்தக் காலத்தில் ஜெருசலேமில் பிறையைப் பார்த்தவர்கள் பெரியோர் சபையின் முன் வந்து சாட்சி சொல்ல வேண்டும். சபை ஒப்புக் கொண்ட பிறகுதான் மாதம் பிறந்ததாக ஊருக்கு அறிவிப்பார்கள். அவர்களுடைய நாளும் நள்ளிரவில் பிறப்பதில்லை. சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் பிறந்து விடுகிறது.

மாணவர்களே, இப்போது பென்சிலை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு சந்திர மாதத்துக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். பன்னிரண்டு மாதத்துக்கு 354 நாள். ஆனால் சூரிய வருஷத்துக்கு 365 நாள். ஆகவே ஒரு வருஷத்துக்கு 11 நாள் குறைகிறது. மூன்று வருஷத்தில் ஒரு மாதத்துக்கு மேலேயே பின்தங்கிப் போகும்.

முஸ்லிம்கள் இதை அப்படியே விட்டு விடுகிறார்கள். அதனால்தான் நோன்புப் பெருநாள் எல்லாப் பருவத்திலும் சுற்றி வருகிறது. யூதர்களால் அப்படி விட முடியாது. எகிப்தில் அடிமைகளாக இருந்த தங்கள் முன்னோர்கள் விடுதலை பெற்றதை நினைத்துக் கொண்டாடும் பாஸ்கா பெருநாளை, வசந்த காலத்தில், வாற்கோதுமை விளையும் மாதத்தில்தான் கொண்டாட வேண்டும் என்பது அவர்களுடைய வேதத்தின் கட்டளை. அதனால் சில வருஷங்களில் ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்து விடுவார்கள். சீனர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆகவேதான் சீனப் பெருநாள் ஜனவரி, பிப்ரவரியை விட்டு வெளியே போவதில்லை.

எத்தனை வருஷத்துக்கு எத்தனை மாதம் சேர்ப்பது? பத்தொன்பது வருஷத்துக்கு ஏழு மாதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 19-ஐ 11-ஆல் பெருக்கினால் 209 நாள். ஏழு மாதம் என்பது ஏறக்குறைய 210 நாள். எவ்வளவு பொருத்தமாக வந்து விட்டது பார்த்தீர்களா! ஆரம்பத்தில் கண்ணால் பார்த்து முடிவு செய்த யூதர்கள், உலகத்தின் பல மூலைகளுக்கும் சிதறிப் போன பிறகு, எல்லாரும் ஒரே நாளில் பெருநாள் கொண்டாட வேண்டுமே என்று இந்தப் பத்தொன்பது வருஷச் சுற்றைக் காலண்டராக அமைத்துக் கொண்டார்கள். இன்றைக்கும் அதே முறைதான்.

அரசனுக்கு விருந்து, அரசிக்கு நோன்பு

இயேசு பெருமான் சிலுவையில் உயிர் நீத்தது பாஸ்கா பெருநாள் சமயத்தில். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அதுதான் ஈஸ்டர். ஆக, ஈஸ்டருக்கு மூன்று கணக்கு பொருந்தி வர வேண்டும். பருவத்துக்குச் சூரியன், பௌர்ணமிக்குச் சந்திரன், கிழமைக்கு ஞாயிறு. மார்ச் 21-ஆம் தேதியோ அதற்குப் பின்போ வரும் முதல் பௌர்ணமியைப் பார்த்து, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர் என்பது விதி. 325-ஆம் ஆண்டில் நைசியா நகரில் கூடிய ஆயர்கள், எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே நாளில் ஈஸ்டர் கொண்டாட வேண்டும், அதற்கு யூதர்களின் காலண்டரை எதிர்பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அப்படியானால் சொந்தமாகக் கணக்குப் போட வேண்டும். அங்கேதான் தகராறு முளைத்தது.

பீட் பிறப்பதற்கு முன்பு நார்தம்பிரியாவை ஆண்ட ஒஸ்வியு என்ற அரசன், அயர்லாந்துத் துறவிகளின் கணக்கைப் பின்பற்றினான். அவனுடைய அரசியோ தெற்கே கென்ட் நாட்டு முறையில் வளர்ந்தவள். அவள் பின்பற்றியது ரோமாபுரிக் கணக்கு. அதனால் சில வருஷங்களில் அரசன் நோன்பை முடித்து ஈஸ்டர் விருந்தில் உட்கார்ந்திருப்பான். அதே அரண்மனையில் அரசியும் அவள் ஆட்களும் இன்னும் நோன்பு இருந்து கொண்டிருப்பார்கள்! ஒரு வீட்டுக்குள்ளே இரண்டு பெருநாள். நம்ம பஞ்சாங்கங்களிலும் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு உண்டு. எப்போதாவது விசேஷ நாள் மாறி வந்து, எது சரி என்று பேச்சு எழுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆகவே அந்த அரண்மனைச் சங்கடம் நமக்குப் புரியாத ஒன்றல்ல.

664-ஆம் ஆண்டில் விட்பி என்னும் இடத்தில் சபை கூட்டி, இரு தரப்பும் வாதாடி, முடிவில் அரசன் ரோமாபுரிக் கணக்கை ஏற்றுக் கொண்டான். அயர்லாந்து முறையை விட மனமில்லாத ஆயர் கோல்மன் நாட்டை விட்டே போய் விட்டார். தீர்ப்பு கிடைத்தது, ஆனால் எதனால் அது சரி என்று சாதாரணத் துறவிக்கும் விளங்கும்படி சொல்ல ஆள் இல்லை. அந்த வேலையைத்தான் பீட் எடுத்துக் கொண்டார்.

விரல் கணுவில் காலண்டர்

பத்தொன்பது வயதில் திருத்தொண்டராகவும், முப்பது வயதில் குருவாகவும் ஆனார் பீட். பாடுவது, படிப்பது, எழுதுவது, மாணவர்களுக்குக் கற்றுக் கொடுப்பது – இதுவே அவருடைய அன்றாட வேலை. 703-ஆம் ஆண்டில் காலத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அது சுருக்கமாக இருக்கிறது, புரியவில்லை என்று மாணவர்கள் குறைப்பட்டுக் கொண்டார்கள். உடனே அவர்களைக் கடிந்து கொள்ளவில்லை. 725-ஆம் ஆண்டில் 'காலக் கணிப்பு' என்ற பெரிய நூலை விரிவாக எழுதிக் கொடுத்தார்.

அந்த நூல் எங்கே தொடங்குகிறது தெரியுமா? விரலில்! இரண்டு கைகளின் விரல்களையும் மடக்கி நீட்டி 9,999 வரை எண்ணிக் காட்டும் பழைய முறையை முதல் பாடமாக வைத்தார். பத்தொன்பது வருஷச் சுற்றையும் கையிலேயே காட்டினார். ஒரு கையின் கணுக்கள் பதினான்கு, விரல் நுனிகள் ஐந்து, கூட்டினால் பத்தொன்பது. இரண்டு கைக் கணுக்களையும் கூட்டினால் இருபத்தெட்டு. கிழமைகளும் லீப் வருஷங்களும் திரும்பி வரும் சுற்று இருபத்தெட்டு வருஷம். நம்ம பாட்டிமார்கள் விரல் கணுவில் கட்டை விரலை வைத்து நாளை எண்ணுவார்களே, அதே வேலைதான்.

பத்தொன்பதை இருபத்தெட்டால் பெருக்கினால் 532. ஆக 532 வருஷத்துக்கு ஒரு முறை ஈஸ்டர் தேதிகள் அதே வரிசையில் திரும்பி வரும். பீட் 532-ஆம் ஆண்டு தொடங்கி 1063-ஆம் ஆண்டு வரைக்கும் அட்டவணை கொடுத்தார். தாம் இறந்து முந்நூறு வருஷத்துக்குப் பிறகு பிறக்கப் போகிறவர்களுக்கும் பெருநாள் குறித்துக் கொடுத்த மனிதர் அவர்.

சந்திரனைப் பற்றிச் சொல்லும்போது கடலையும் அவர் விடவில்லை. நாளுக்கு நாள் சந்திரன் ஏறக்குறைய 48 நிமிஷம் தாமதமாக உதிக்கிறது, கடல் ஏற்றமும் அதே அளவு தாமதமாகிறது என்று எழுதினார். ஒரே கரையிலும் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஏறுவதில்லை, ஒவ்வொரு துறைக்கும் ஒரு நேரம் உண்டு என்றும் குறித்தார். பூமி பந்து போல் உருண்டை என்பதும், அதனால்தான் பகல் நீளம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதும் அந்த நூலில் உள்ளன.

சரியாகக் கணக்குப் போட்டதற்கு வந்த பழி

கெட்டிக்காரனாக இருந்தால் எல்லாரும் பாராட்டி விடுவார்கள் என்று நினைத்து விடாதீர்கள். 708-ஆம் ஆண்டில் பீட் மீது மதத் துரோகப் பழி வந்தது.

விஷயம் இதுதான். உலகம் படைக்கப்பட்டு இயேசு பிறக்கும் வரை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் ஓடின என்பது அன்றைய பொதுவான எண்ணம். அது வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து வந்த கணக்கு. பீட், யூதர்களின் எபிரேய மூலத்தைத் தழுவிய மொழிபெயர்ப்பிலுள்ள வயதுகளைக் கூட்டிப் பார்த்தார். 3,952 ஆண்டுகள்தான் வந்தன. கேட்டவர்கள் கொதித்தார்கள். ஆயிரம் ஆயிரம் ஆண்டாக ஆறு யுகம் உண்டு, ஆறாம் யுகத்தில்தான் இயேசு வந்தார் என்று நம்பியவர்கள் அவர்கள். பீட் அதை மறுக்கிறார் என்று சொல்லி, ஆயர் வில்பிரிட் இருந்த ஒரு விருந்தில் யாரோ அவரைப் பழித்துப் பேசி விட்டார்கள். செய்தி அறிந்த பீட் மனம் வெதும்பினார்.

ஆனால் அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். அவர் எடுத்தது பேனாவை. பிளெக்வின் என்ற துறவிக்குக் கடிதம் எழுதி, தம் கணக்குக்கு ஆதாரம் எங்கே இருக்கிறது, யுகம் என்றால் ஆயிரம் ஆண்டு என்று எண்ணுவது ஏன் தவறு என்று வரிசையாக விளக்கி, அதை ஆயருக்கு முன்னால் படித்துக் காட்டும்படி ஏற்பாடு செய்தார். உலகம் முடியும் நாளை மனிதன் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது என்றும் உறுதியாகச் சொன்னார். பூமிக்கு 450 கோடி ஆண்டுக்கு மேல் வயது என்பது இன்றைய விஞ்ஞானம். ஆகவே இரு தரப்பு எண்ணும் இன்று செல்லாது. ஆனால் பலர் சொல்வதாலேயே ஒன்றை ஏற்காமல், மூலத்தைத் தேடிப் போய்ப் பார்த்து, கண்டதைப் பயப்படாமல் சொன்னாரே, அந்தக் குணம் இன்றும் செல்லும்.

இன்னொரு குணமும் உண்டு. அயர்லாந்து முறையைப் பின்பற்றிய எய்டன் என்ற ஆயரைப் பற்றித் தம் நூலில் எழுதும்போது, ஈஸ்டர் கணக்கில் அவர் செய்தது தப்பு என்று ஒளிக்காமல் சொன்னார். அதே பேனாவால், அரசன் கொடுத்த குதிரையையே பிச்சைக்காரனுக்குக் கொடுத்து விட்ட எய்டனின் நல்ல மனத்தை வாயாரப் புகழ்ந்தார். கணக்கில் சண்டை போடலாம். அதற்காக மனிதரை வெறுக்க வேண்டியதில்லை.

கி.பி. என்று எழுதுகிறோமே!

அக்காலத்தில் ஆண்டுகளை இன்ன அரசனின் இத்தனையாவது வருஷம் என்றுதான் எண்ணினார்கள். 525-ஆம் ஆண்டில் டயனீசியஸ் என்ற துறவி, ஈஸ்டர் அட்டவணை தயாரிக்கும்போது இயேசுவின் பிறப்பிலிருந்து ஆண்டுகளை எண்ணினார். அதை அவ்வளவாக யாரும் கையாளவில்லை. பீட் 731-ஆம் ஆண்டில் எழுதி முடித்த 'ஆங்கிலேயர் திருச்சபை வரலாறு' என்ற நூல் முழுவதும் இந்தக் கணக்கைப் பயன்படுத்தினார். அந்த நூல் பரவப் பரவ கணக்கும் பரவியது. இன்றைக்கு நம்ம பிள்ளைகள் சரித்திரப் பாடத்தில் கி.பி. என்று எழுதுவதில் அவருக்கும் பங்கு உண்டு.

அன்றைய காலண்டரில் வருஷத்துக்கு 11 நிமிஷம் அதிகமாக இருந்தது. அது நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து பத்து நாள் பிசகாயிற்று. 1582-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் கிரகோரி, அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என்று திருத்தினார். நாம் பார்க்கும் ஆங்கிலத் தேதி இந்தத் திருத்திய காலண்டர்தான். கீழைத் திருச்சபைகளில் பெரும்பாலானவை ஈஸ்டருக்கு இன்றும் பழைய கணக்கையே வைத்திருக்கின்றன. அதனால் சில வருஷம் இரண்டு ஈஸ்டர் வரும். 2025-இல் போல, சில வருஷம் இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து கொள்ளும்.

தாய்மொழியில் கடைசி வேலை

735-ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முன்பே பீட் நோயில் விழுந்தார். மூச்சு வாங்கியது, பிறகு பாதமும் வீங்கியது. அப்போதும் பாடம் நிற்கவில்லை. லத்தீன் மொழியில் பெரும் புலவரான அவர், அந்தக் கடைசி நாட்களில் செய்த வேலைகளில் ஒன்று யோவான் நற்செய்தியைத் தம் தாய்மொழியான ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது. லத்தீன் தெரியாத எளியவர்களும் வேதத்தை அறிய வேண்டும் என்பது அவர் ஆசை. படுக்கையில் இருந்தபடி அவர் சொல்லச் சொல்ல ஒரு பையன் எழுதினான்.

தம் பெட்டியில் இருந்த கொஞ்சம் மிளகு, சாம்பிராணி, துணி இவற்றை நண்பர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான் அவருடைய சொத்து. மிளகு அந்தக் காலத்தில் நம் மலையாளக் கரையிலிருந்து கப்பலேறிக் கைமாறிக் கைமாறிப் போன சரக்கு. பொன்னைப் போலப் போற்றி வைத்திருந்திருக்கிறார்!

மே 25, புதன்கிழமை. மாலையில் ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி என்று பையன் சொன்னான். அதையும் சொல்லி முடித்தார். தாம் வழக்கமாக ஜெபிக்கும் இடத்தைப் பார்த்தபடி தரையில் உட்கார வைக்கச் சொல்லி, பாடிக்கொண்டே உயிர் விட்டார். சூரியன் மறைந்தால் அடுத்த நாள் என்று முன்பு சொன்னோம் இல்லையா? யூதர்களின் அந்த வழக்கம் திருச்சபையின் பெருநாட்களிலும் தங்கி விட்டது. ஆகவே அவருடைய மாணவர் கத்பர்ட், தம் ஆசிரியர் மறைந்த நாளை மே 26 என்று, அதாவது ஆண்டவர் விண்ணேறிய பெருநாள் என்று குறித்து வைத்தார். ஆயுள் முழுக்கப் பெருநாள் கணித்தவர் ஒரு பெருநாளிலேயே கண் மூடினார்.

அவருடைய உடல் இப்போது டர்ஹம் நகரப் பேராலயத்தில் இருக்கிறது. அவர் மாணவர் எக்பர்ட் யார்க் நகரின் பேராயர் ஆனார். யார்க் பள்ளியில் படித்த அல்குவின், சார்லமேன் சக்கரவர்த்தியின் அரண்மனையில் ஆசிரியரானார். 1899-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ, பீடைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். அந்தச் சிறப்பு அவருக்குக் கிடைத்தது இறந்து 1,164 ஆண்டுகளுக்குப் பிறகு.

பெற்றோர்களே! பீட் அரண்மனையில் வளரவில்லை. தூர தேசம் போகவும் இல்லை. ஏழு வயதில் அவரைப் பள்ளியில் சேர்த்தார்கள். கைக்கெட்டும் இடத்தில் புத்தகம் இருந்தது. கவனித்துக் கொள்ள ஓர் ஆசிரியர் இருந்தார். இந்த மூன்றையும் நம்ம பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க முடியும். வேலை முடிந்து களைத்து வந்தாலும், இன்றைக்கு என்ன படித்தாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்குகிறவர்களுக்கு என் பாராட்டு. வாங்காதவர்கள் மனம் தளர வேண்டாம். புரியவில்லை என்றால் எழுந்து நின்று கேளுங்கள். பீட் அடிகளாரின் பெரிய நூல் பிறந்தது, புரியவில்லை என்று துணிந்து சொன்ன மாணவர்களால்தான்.

வாழ்க கல்வி! வளர்க நம் தமிழ்ப் பள்ளிகள்!